நான்கு தெருவுக்கு முப்பது வாட்

எங்கள் ஊர் தர்மராஜா கோயில் வாசலில் எரிந்த பல்பு நாற்பது வாட். என் நைனாவின், அதாவது அப்பாவின், ஆம்ப்ளிபயர் முப்பது வாட். அந்த நாற்பது வாட் வெளிச்சம் கோயில் வாசலைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் மங்கிவிடும். இந்த முப்பது வாட் குரலோ நான்கு தெருக்களையும் கடந்து, ஏரியைக் கடந்து, நகரி மலைப் பாறையில் மோதித் திரும்பி வரும். பல்பை விடக் குறைந்த சக்தி ஒரு மலையைப் பேசவைக்கிறது. இப்போது திருப்பதியில் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறேன். படித்தால் ஆச்சரியம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

எங்கள் ஊர் நகரியைத் தாண்டித் திருத்தணிப் பக்கம் இருக்கிறது. நைனா நெசவுத் தெருவில் பிறந்து, தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர். ஒரு முறை ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று ரயில் வரும் நேரத்தைச் சொல்லியிருக்கிறது. "ஆளைக் காணோம், குரல் மட்டும் எதிர்ல நின்னுக்கினு பேசுது" என்று வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே சொன்னாராம். அதோடு தறியை விட்டார். நகரியில் மைக் செட் வைத்திருந்தவரிடம் சில வருடம் கம்பி இழுத்தார். பிறகு சென்னையிலிருந்து சொந்தமாக ஒரு ஆம்ப்ளிபயர் கொண்டுவந்தார். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் எதிலும் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. எங்கள் வம்சத்தில் புத்தகம் பிடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், அதற்கு நான் வெட்கப்படுவதில்லை.

அந்தப் பெட்டியை நைனா வீட்டில் ஒரு சாமி போல வைத்திருந்தார். ஆயுத பூஜை வந்தால் அதன் எல்லாப் பக்கமும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பழைய சந்தனத்தைத் துடைக்க மாட்டார். அதன் மேலேயே புதுச் சந்தனம். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் இருந்தது. அதற்கும் கற்பூரம் காட்டுவார். பெட்டியின் பின்பக்கம் கம்பி முடுக்குகிற திருகாணிகள் வரிசையாக இருக்கும். சென்னைக் கடைக்காரர் முதல் குழாயைப் பொருத்திக் கொடுத்தபோது எந்த இரண்டு திருகாணியில் முடுக்கினாரோ, அதே இரண்டில்தான் நைனா எப்போதும் முடுக்குவார். "அது ராசியான எடம்" என்பார். ஒரு குழாய் இரண்டாகி, மூன்றாகி, நான்கானபோதும் ராசியான இடம் மாறவில்லை. பூத்தொடுப்பது போல ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குக் கம்பியைக் கோத்துக்கொண்டே போய், கடைசி முனையைப் பெட்டிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில் தர்மராஜா கோயில் திருவிழா வந்தது. பதினெட்டு நாள் பாரதம். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த பிரசங்கியார் ஒவ்வொரு பகலும் கதை சொல்வார். பதினெட்டாம் நாள் காலை துரியோதனன் விழுந்து சாகும் படுகளம், மாலையில் தீமிதி. கொடி ஏறிவிட்டால் இறங்கும்வரை ஊரில் ஒருத்தரும் வெளியூர் தங்கக்கூடாது. கோயிலுக்கு வர முடியாதவர்கள், பிள்ளை பெற்றவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் காதிலும் கதை விழ வேண்டும். அதனால்தான் தெருவுக்கு ஒரு குழாய். தங்கள் தெருக் குழாய்க்கு அந்தந்தத் தெருக்காரர்களே மாலை போட்டு, மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் கொடி இறங்கும்வரை அந்தக் குழாயை இடம் மாற்றக்கூடாது.

கோயிலைச் சுற்றி எங்கள் நெசவுத் தெரு, குடியானவர் தெரு, கிழக்கு வீதி. தள்ளிப்போய் ஏரிக்கரைத் தெரு. கிழக்கு வீதியில் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம். ஆந்திரா தனி மாநிலமான பிறகு எங்கள் பக்கத்தில் எல்லைப் பேச்சு ஓயவில்லை. எந்த ஊர் சென்னையோடு போகும், எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும் என்று டீக்கடையில் தினமும் பேச்சு. மனுவில் கையெழுத்து வாங்க இரண்டு தரப்பிலிருந்தும் ஆட்கள் வந்து போவார்கள். அதுவரை அண்ணன் தம்பியாக இருந்தவர்கள்கூட அந்த வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்துப் பேசினார்கள்.

கொடியேற்றத்தன்று தர்மகர்த்தா வெற்றிலை கொடுத்து நைனாவிடம் பதினெட்டு நாளையும் ஒப்படைத்தார். எங்கள் பக்கத்தில் கோயில் வெற்றிலை வாங்கியவர் சொன்ன வேலையை நடுவில் விட்டால், அந்த ஊரில் மறுபடி அவருக்கு வெற்றிலை கிடையாது. ஒரு ஊரில் போனால் பத்து ஊரில் போகும்.

பன்னிரண்டாம் நாள்தான் வந்தது வினை. கிழக்கு வீதியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், தோளில் துண்டு பறக்கப் பிரசங்கத்தின் நடுவிலேயே கோயிலுக்கு வந்தார்.

"ஏமய்யா," என்றார் நைனாவிடம், "மூணு தெருவுல கதை கேக்குது. எங்க வீதியில மட்டும் எறும்பு பேசற மாதிரி கீதே? சர்க்கார் இன்னும் கோடே கிழிக்கல. நீ எங்களை இப்பவே அந்தாண்ட தள்ளிட்டியா?"

"அய்யோ, நானு இன்னா பண்ணன்? எல்லாத்துக்கும் ஒரே கம்பிதான்."

"ஒரே கம்பின்னா ஒரே சத்தம்தானே வரணும்? தமிழ்க்காரன் குழாய்ல பீமன் கர்ஜிக்கிறான், எங்க குழாய்ல இருமறான்!"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. விறுவிறுவென்று வீதிக்குப் போனவர், குழாய்க்குப் போன கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு.

கிழக்கு வீதிக் குழாய் மட்டும் நிற்கும் என்று நினைத்திருப்பார். பூச்சரத்தை நடுவில் அறுத்த மாதிரி நான்கு குழாயும் ஒன்றாக ஊமையாகின. கோயிலுக்குள் பெட்டியிலிருந்து பட் பட் என்று சத்தம் வந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வின் அடியில் நீலமாக ஒரு பொறி தாவியது. நைனா பாய்ந்து கரண்டைப் பிடுங்கினார். அரக்கு தீய்கிற வாசனை. பிரசங்கியார் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை.

தர்மகர்த்தா நைனாவைத் தனியே அழைத்தார். "தோ பாரு, இன்னொரு தரம் பாரதம் நடுவுல நின்னுச்சுன்னா திருப்பதியில இருந்து நூறு வாட் செட்டைக் கூப்புட்டுடுவேன். வெத்தலையும் அவங்களுக்குத்தான். ஊரு ரெண்டா கீற நேரம்டா இது. கொழாயால சண்டை வந்தா நான் பதில் சொல்ல முடியாது."

பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து நைனா அதன் முன்னால் உட்கார்ந்து அதைத் தொடக்கூடப் பயந்தார். "கொழாயே இல்லன்னா பெட்டிக்கு வேலையே இல்லியே. சும்மா கீற பெட்டி ஏன் பொறி அடிக்கணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "வூட்ல ஒருத்தி பத்து வருசமா படிச்சிக்கினு கீறா. அவளைக் கேளேன். இல்ல, அந்தப் படிப்பு மாடத்துல வெச்சிக் கற்பூரம் காட்டத்தானா?" என்றாள்.

அது இருவருக்குமே விழுந்த அடி. நைனா என்னைக் கேட்டதில்லை. நானும் அந்த மஞ்சள் துணியை அவிழ்க்க வேண்டும் என்று நினைத்ததில்லை.

அவிழ்த்தேன். இரண்டாவது பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது: குழாய்களை இணைக்காமல் இந்தப் பெட்டியில் சத்தம் வைக்கக் கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே தாவிப் பெட்டியைச் சுட்டுவிடும். நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது நைனா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தில் பெட்டியின் பின்புறப் படம். ஒவ்வொரு திருகாணிக்கும் கீழே ஒரு எண்.

"நைனா, பின்பக்கம் நம்பர் கீதா?"

"நம்பரா? நான் பார்த்ததில்லையே."

சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். பத்து ஆயுத பூஜையின் சந்தனம், ஒவ்வொரு படிவாக உதிர்ந்தது. அதற்கடியில், வெள்ளைப் பெயின்ட்டில், 4, 8, 16. நைனாவின் ராசியான இடம் 16.

நகரி ஹைஸ்கூலில் நான் கற்ற பாடம் அங்கே எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அந்த எண்கள் ஓம் கணக்கு. ஓம் என்பது மின்சாரத்தின் வழியில் இருக்கும் தடையின் அளவு. புத்தகத்தின்படி எங்கள் குழாய் ஒன்றின் தடை பதினாறு. ஒரு குழாய் இருந்தபோது 16-ல் முடுக்கியது சரி. நான்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் தடை அறுபத்துநான்கு. பெட்டியால் அவ்வளவு தடையைத் தள்ளிக்கொண்டு தன் முப்பது வாட்டையும் கொடுக்க முடியாது. கால் பங்கு கொடுத்தாலே அதிகம். ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக இரட்டைக் கம்பி போட்டு எல்லாவற்றையும் பெட்டியில் ஒரே இடத்தில் சேர்த்தால், நாலு வழி திறந்துவிட்ட மாதிரி, தடை நான்காகக் குறையும். பெட்டியில் நான்கு என்று ஒரு இடம் இருக்கிறது. ஆளுக்கு ஏழரை வாட். ஒரு தெருவில் கம்பி அறுந்தாலும் மற்ற மூன்றும் பேசும்.

நோட்டில் போட்ட கணக்கை நம்ப முடியாமல் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். யாரோ எங்கேயோ தொழிற்சாலையில் அடித்த மூன்று எண்கள், எங்கள் நோட்டுக் கணக்கோடு இப்படிப் பொருந்துமா?

மறுநாள் விடிந்ததும் நெசவுத் தெரு ஆண்கள் பாவு நூல் நீட்டுவது போலவே தெருவில் கம்பியை நீட்டி, முறுக்கி, மரத்துக்கு மரம் கட்டினார்கள். நைனா ராசியான இடத்திலிருந்து கம்பியைக் கழற்றினார். "பொறி வந்தா?" என்றார். "வராது" என்றேன், ஒன்றும் தெரியாதவளுக்கே வரும் தைரியத்தோடு.

வால்வுகள் சிவந்து சூடேறின. நைனா வழக்கம் போல இரண்டு பாஷையிலும் எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒகட்டி, ரெண்டு, மூடு."

கோபுரத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. கிணற்றில் நீர் சேந்திய பெண் கயிற்றை விட்டுவிட்டாள். கொஞ்சம் பொறுத்து நகரி மலையிலிருந்து "மூடு" என்று நைனாவின் குரலே திரும்பி வந்தது. நைனா மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். இத்தனை வருடமாக அதே பெட்டிக்குள் இருந்த சத்தம்தான். வெளியே வர வழி தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்று நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தெருவில் எல்லோரையும் என்னைப் பார்க்கவைத்தபடி போனேன். அந்தக் கர்வத்துக்கு ஆயுள் ஒரு நாள்.

பதினான்காம் நாள் நெசவுத் தெருவும் குடியானவர் தெருவும் சேர்ந்து வந்தன. "இன்னாம்மா, படிச்ச பொண்ணு நியாயம் இதானா? கெழக்கு வீதியில காது கிழியுது, எங்களுக்கு மட்டும் அளந்து ஊத்துற?"

போய் நின்று கேட்டேன். உண்மைதான். எது எறும்பாகப் பேசியதோ அதுவே இப்போது எல்லாவற்றையும் விட உரக்கப் பேசியது. அதோடு, பிரசங்கியார் குரலை உயர்த்தும்போதெல்லாம் கரகர என்று ஒரு கிழிசல். செக்குக்காரர் குழாயின் அடியில் கட்டில் போட்டு, கை கட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "இப்பத்தான் மாக்கு, எங்களுக்கு, நியாயம் கெடைச்சுது. நல்லா இரும்மா" என்று வாழ்த்தினார்.

நைனா ஏணி போட்டு ஏறி, குழாயின் பின்னால் திருகியிருக்கும் யூனிட்டைப் பார்த்தார். சத்தத்தை உண்டாக்குவது அந்த உருண்டைதான். முன்னால் இருக்கும் புனல் அதைப் பரப்புகிறது, அவ்வளவே. யூனிட்டிலும் சந்தனம். "சொரண்டு நைனா" என்று கீழேயிருந்து கத்தினேன். எழுத்து தெரியாதவர், காற்றில் விரலால் வரைந்து காட்டினார். ஒரு வட்டத்தின் மேல் ஒரு வட்டம். எட்டு. அதற்குக் கீழே ஒன்று, சுழி. பத்து வாட்.

மற்ற மூன்றும் பதினாறு ஓம், பதினைந்து வாட். இது நைனா ரேணிகுண்டாவில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. நான் ஒன்றைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு நான்கையும் அப்படியே நம்பியிருந்தேன். கோத்துக் கட்டியபோது தடை குறைந்த யூனிட்டுக்கு மற்றவற்றின் பாதிச் சக்தி. தனித்தனியாகக் கட்டியதும் அதே யூனிட்டுக்கு இரண்டு மடங்கு, பன்னிரண்டு வாட். தாங்குவதோ பத்து. படுகளத்தன்று பீமன் தொடையைத் தட்டிக் கூப்பிடும் இடத்தில் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும். கதை நிற்கும். வெற்றிலை திருப்பதிக்குப் போகும்.

ஊரே எல்லைச் சண்டை என்று நினைத்தது, ஒரு உருண்டையின் முதுகில் இருந்த எட்டு. 

ஏரிக்கரைத் தெருதான் தூரம். அவ்வளவு நீளக் கம்பி, தானே கொஞ்சம் தடை. எட்டு ஓம் யூனிட்டை அந்தக் கம்பியின் முனையில் வைத்தால், அதிகப்படி சக்தியைக் கம்பி தின்றுவிடும். யூனிட்டுக்கு ஆறு, ஏழு வாட்தான் போகும். இரண்டு குழாயையும் மாற்றிவிட்டால் போதும் என்று சொன்னேன். செக்குக்காரர் கட்டிலைவிட்டு எழுந்தார்.

"அதி மா குழாய், எங்க குழாய்! காப்புக் கட்டியாச்சு. கொடி எறங்காம எவனாச்சும் கையை வைக்கட்டும், பார்க்கலாம்."

"அது கிழிஞ்சிடும் மாமா."

"கிழியட்டும். எங்க குழாய் கிழிஞ்சா உனக்கின்னா? எங்க சத்தத்தைக் கொறைக்கத்தானே இந்தக் கணக்கு?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நோட்டுக் கணக்கில் காப்பு நூலுக்கு இடமில்லை. நைனாதான் ஏணியிலிருந்து இறங்கி வந்து, மெதுவாகச் சொன்னார்: "அய்யா, காப்பு எதுக்குக் கட்டினீங்க? கொழாய்க்கு. மாலை எதுல கீது? கொழாய்ல. நான் கொழாயைத் தொடல. மால ஆடாம, பின்னாடி கீற யூனிட்டை மட்டும் திருகி எடுத்துட்டு வேற திருகறேன். பெரிய யூனிட்டு. பதினஞ்சு வாட்டு."

செக்குக்காரர் என்னைப் பார்த்தார். "பதினஞ்சா?"

"தாங்கறது பதினஞ்சு," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆனா இப்ப வர்றதுல பாதிதான் அதுக்கு வரும்."

"பாதியா!"

"ஒரு நாளு பார்ப்போம் மாமா. கொறைச்சலா இருந்தா உங்க யூனிட்டு உங்களுக்கே."

அவர் ஏணியைத் தானே பிடித்துக்கொண்டார், மாலை ஆடினால் நைனாவை இழுத்துக் கீழே போட வசதியாக. மாலை ஆடவில்லை. ஏரிக்கரைத் தெரு யூனிட்டை இங்கே திருகி, இங்கிருந்த எட்டு ஓம் யூனிட்டை அதேபோல அங்கே திருகிவிட்டு வந்தார்.

பிறகு நடந்ததுதான் என்னை இந்தப் படிப்புக்கே அனுப்பியது. கரகரப்பு நின்றது. செக்குக்காரர் கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு காதைத் திருப்பி, மறு காதைத் திருப்பிக் கேட்டார். எழுந்து வீட்டுத் தோட்டம் வரை போய்க் கேட்டார். திரும்பி வந்து, "பாதின்னு பயமுறுத்தினியே! ஒரு துளிதான் கொறைஞ்சிருக்கு" என்றார்.

சக்தி உண்மையில் பாதியாகியிருந்தது. காதோ ஒரு துளி என்றது. முன்பு மற்றவர்களுக்குப் பாதி வந்தபோது எறும்பு என்றதும் இதே காதுதான். எது பொய் சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. திருப்பதி வந்த பிறகுதான் படித்தேன்: சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற, சக்தி பத்து மடங்காக வேண்டும். இலை விழும் ஒலியையும் இடியையும் ஒரே காதில் வாங்கவேண்டும் என்பதால் அது அப்படி அமைந்திருக்கிறதாம். அப்படியானால் திருப்பதியின் நூறு வாட் செட் வந்திருந்தாலும் எங்கள் முப்பதைப்போல இரண்டு மடங்குகூடக் கேட்டிருக்காது. செக்குக்காரரின் காதுக்குள் இருந்த அந்த ஏற்பாட்டை நினைத்து, வகுப்பில் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பதினேழாம் நாள் ஏரிக்கரைத் தெருக் குழாயைப் பார்த்துவரப் போனவள், கரை மேலேயே நடந்து, குரல் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளத் தொடர்ந்து போனேன். ஏரியைத் தாண்டினேன். நிலக்கடலைக் கொல்லைகளைத் தாண்டினேன். அடுத்த ஊர்க் கிணற்றடியில் இரண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று எங்கள் ஊர் பாரதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கர்ணன் செத்துட்டாம்மா" என்றாள் ஒருத்தி என்னிடம், அப்போதுதான் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி. ஏழு வாட். பிற்பாடு எல்லை முடிவானபோது அந்த ஊர் சென்னை மாநிலத்துக்குப் போனது. நாங்கள் ஆந்திராவில் நின்றோம்.

பதினெட்டாம் நாள் காலை மண்ணால் செய்த துரியோதனன் மைதானத்தில் மல்லாந்து கிடந்தான். நான்கு தெருவும் அங்கேதான். வர முடியாதவர்கள் வீட்டுக்குள். நைனா சத்தத் திருகைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. நான் கிழக்கு வீதிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில், இரண்டும் கேட்கிற இடத்தில் நின்றேன். பிரசங்கியார் மூச்சை இழுத்தார். பீமன் தொடையைத் தட்டிக் கூப்பிட்டான்.

கிழியவில்லை. நான்கு திசையிலிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில் வந்து என் மேல் சேர்ந்தது. பிறகு மலை ஒரு முறை கூப்பிட்டது. வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். இந்தத் தெரு முந்தி, அந்தத் தெரு பிந்தி என்றில்லை.

கொடி இறங்கியதும் தர்மகர்த்தா வெற்றிலைத் தட்டோடு வந்தார். "அடுத்த வருசத்துக்கும் நீயே வெச்சிக்கோ" என்று நைனாவிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற செக்குக்காரர், "வெச்சிக்கட்டும். ஆனா நாலு குழாய்தான், அஞ்சு வேணாம். நகரியில ஆறு கட்டிக்கினு ஒண்ணும் கேக்கலியாம்" என்றார், ஏதோ தானே கணக்குப் போட்டவர் போல. அம்மா என் முதுகில் இடித்தாள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு நைனா பெட்டியை முதல் தடவையாக ஈரத் துணியால் துடைத்தார். முன்பக்கம் சந்தனம், மேலே சந்தனம், இரண்டு பக்கமும் சந்தனம். பின்பக்கத்துக்கு வந்து, விரல் நிறையச் சந்தனத்தோடு நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, நம்பரு எங்க கீதுன்னு காட்டு. அதை வுட்டுட்டு வெக்கறேன்."